பச்சை நூல், மஞ்சள் நூல்

தொங்குகிற நூலைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. பனியன் கம்பெனியில் ஃபைனல் செக்கிங்கில் இருப்பவர்கள் எல்லோருக்கும் உள்ள வியாதிதான். எனக்குக் கொஞ்சம் முற்றிவிட்டது. சட்டைப்பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, டிரிம்மர் இருக்கும். தைத்து முடித்த பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டுவதற்கான குட்டிக் கத்தரி அது. பஸ்ஸில் முன்சீட்டுக்காரரின் காலரில் நூல் தொங்கினால், பழைய பேருந்து நிலையம் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். இறங்கும்போது வெட்டிவிட்டு இறங்குவேன். மச்சினன் கல்யாணத்தில் அவன் மணிக்கட்டில் கட்டியிருந்த காப்புக் கயிற்றின் வாலை ஒட்ட வெட்டப்போய், மாமியார் வீட்டார் என்னைக் கடைசிப் பந்திக்குத் தள்ளினார்கள்.

இப்படிப்பட்டவனை நாய்க்குட்டி வாங்கத் தனியாக அனுப்பியிருக்கக் கூடாது.

குட்டி வேண்டும் என்றது மனைவி. மகள் படிக்க வெளியூர் விடுதிக்குப் போனபிறகு, வீட்டில் பகல் முழுக்க அவளும் அவளுடைய தையல் மெஷினும்தான். கம்பெனிகளிடம் ஜாப் ஒர்க் எடுத்துத் தைக்கிறாள். மெஷின் நின்றால் வீட்டில் சத்தமே இல்லை என்று ஒருநாள் சொன்னாள். நான் இருக்கிறேனே என்றேன். அதைத்தான் சொல்கிறேன் என்றாள். எனக்கு அது இன்றுவரை சரியாகப் புரியவில்லை.

திருப்பூரிலேயே மண்ணரைப் பகுதியில் ஓர் அக்கா வீட்டிலேயே ராஜபாளையம் நாய் வளர்த்துக் குட்டி கொடுக்கிறார் என்று தெரிய வந்தது. தெற்கத்திக்காரர். பனியன் வேலைக்குக் குடும்பத்தோடு வந்தவர், ஊரிலிருந்து கூடவே ஒரு வெள்ளை நாயையும் கூட்டிவந்துவிட்டார். அதன் பேத்திகள்தான் இப்போது அவர் வீட்டின் பின்கட்டில் ஆட்சி செய்கின்றன. அக்காவிடம் குட்டி வாங்குவது கடையில் சாமான் வாங்குகிற மாதிரி கிடையாது. முதலில் அவர் நம் வீட்டுக்கு வருவார். கேட் சந்து எவ்வளவு, மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் உண்டா, பகலில் யார் இருப்பார்கள் என்று எல்லாம் பார்ப்பார். எங்கள் வீட்டுக்கு வந்தபோது என்னைப் பார்த்து, கோபம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். சாப்பிடுவேன் என்றேன். மனைவி சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு மனைவி ஞாயிறுதோறும் அங்கே போய்வந்தாள். அந்த ஈற்றில் பிறந்த குட்டிகள் எல்லாமே ஒரே வெள்ளை, ஒரே ரோஸ் மூக்கு. அடையாளத்துக்கு அக்கா ஒவ்வொரு குட்டியின் கழுத்திலும் ஒரு நிறத்தில் உல்லன் நூல் கட்டியிருந்தார். மனைவி தேர்ந்தெடுத்தது பச்சை நூல். சாப்பிட்டு முடித்ததும் மற்ற குட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து சண்டை போடும். பச்சை மட்டும் விலகி வந்து இவள் பாதத்தின் மேல் படுத்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்து அந்தப் பாதத்தைக் கழுவ யோசிக்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

குட்டியைக் கூட்டிவர வேண்டிய ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி வண்டி பீஸ் எடுக்க வருவதாகச் சொல்லிவிட்டார்கள். அவளால் மெஷினை விட்டு எழ முடியவில்லை. என்னை அனுப்பினாள்.

“போனமா, குட்டிய வாங்குனமா, வந்தமான்னு இருங்க மாமா. அங்க போயிக் காமெடி பண்ணாதீங்க.”

பண்ணவில்லை. வாயே திறக்கவில்லை. கைதான்.

நான் போனபோது குட்டிகளில் இரண்டுதான் மிச்சம். முன்னறையில் சாக்கு விரித்து விட்டிருந்தார்கள். அக்கா என்னைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு குட்டிகளையும் காட்டி விவரம் சொன்னார். பச்சை எங்களுக்கு. மஞ்சள், தாராபுரம் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் ஒரு பெரியவருக்கு. ஆட்டுப் பட்டிக்குக் காவல். அவர் நாலரைக்குள் வந்து எடுத்துப் போய்விடுவார், அதற்குமேல் ராகு காலம். அவர் தோட்டத்தில் ஏற்கெனவே பெரிய நாய்கள் இரண்டு உண்டு. அதனால்தான் அக்கா அவருக்கு மஞ்சளை ஒதுக்கியிருந்தார். மஞ்சள் முரட்டுக் குட்டி, தன் தட்டையும் தின்றுவிட்டு அடுத்த தட்டுக்கும் போகும். பச்சை தன் தட்டையே விட்டுக்கொடுத்துவிடும்.

“இத அங்கன அனுப்புனா அந்தப் பெரிய நாயிக ஒரு வாய் சோறு திங்க விடாது தம்பி. கடிச்சுப் போட்டாலும் கேக்க ஆளிருக்காது. ஒரு மாசம் தாங்காது” என்றார்.

தாய் நாய் படுத்திருந்த துணியில் ஒரு துண்டு கிழித்துத் தருவதாகவும், அந்த வாசம் இருந்தால் புது வீட்டில் குட்டி அழாது என்றும் சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போனார்.

நான் தனியாக இருந்தேன். குட்டிகள் என் காலடியில் இருந்தன. கழுத்தில் நூல் இருந்தது.

நூலின் வால் நீளமாக விட்டிருந்தது. குட்டிகள் சப்பிச் சப்பி அது பிசிறு பிசிறாகப் பிரிந்து, எச்சிலில் நனைந்து, தரையைக் கூட்டிக்கொண்டு வந்தது. முதலில் வேறுபக்கம் பார்த்தேன். சுவரில் காலண்டர் இருந்தது. காலண்டரில் முருகன் இருந்தார். முருகனும் அந்த நூலைத்தான் பார்ப்பதுபோல் எனக்குப் பட்டது. அடுத்து என் நினைவில் இருப்பது, பச்சையைத் தூக்கி மடியில் வைத்திருந்ததும், டிரிம்மர் ‘கிளிக்’ என்றதும். வாலை முடிச்சோடு ஒட்ட வெட்டினேன். ஏற்றுமதித் தரம். ஒரு பீஸை மட்டும் பார்த்துவிட்டு அடுத்ததை அப்படியே அனுப்புவது எங்கள் வழக்கமில்லை. மஞ்சளையும் தூக்கினேன். கிளிக்.

இரண்டையும் கீழே விட்டேன். பார்க்க லட்சணமாக இருந்தன.

கழுத்து பெருக்கும் என்று அக்கா முடிச்சைத் தளர்வாகப் போட்டிருந்தது எனக்குத் தெரியாது. வால் இருந்ததால்தான் அந்த முடிச்சே நின்றது. இரண்டும் கட்டிப் புரண்டன. சாக்கின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் போய்த் திரும்பிவந்தன. திரும்பியபோது வெள்ளையாக இரண்டு குட்டிகள் வந்தன. சாக்கின் நடுவில் ஒரு பச்சை நூலும் ஒரு மஞ்சள் நூலும் கிடந்தன.

நூலை எடுத்தேன். ஒரு குட்டியைப் பார்த்தேன். மற்றதைப் பார்த்தேன். மறுபடி முதலாவதைப் பார்க்கலாம் என்றால், முதலாவது எது என்று தெரியவில்லை.

அக்கா துணியோடு வந்து வாசற்படியில் நின்றார். என் ஒரு கையில் நூல், மறு கையில் கத்தரி. இதற்குமேல் போலீஸுக்கே விளக்கம் தேவைப்படாது. அவர் கத்தியிருந்தால் பரவாயில்லை. கத்தவில்லை. குரல் இறங்கித்தான் வந்தது.

“என்ன செஞ்சீக தம்பி?”

சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நம்புகிற மாதிரி இல்லை. அவர் உட்கார்ந்து இரண்டையும் கையில் எடுத்தார். புரட்டினார், காதைத் திருப்பினார், எடையைக் கையால் பார்த்தார், வாயைத் திறந்து பார்த்தார். இறக்கி வைத்தார். மறுபடி எடுத்தார். அந்த இரண்டாவது தடவையில்தான் அவருக்கும் தெரியவில்லை என்பது எனக்குப் புரிந்தது. நூல் இருக்கிறது என்ற தைரியத்தில் வேறு அடையாளம் பார்த்து வைக்கவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டார். என்னைத் திட்டவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

ஒரே தட்டில் தயிர்சாதம் வைத்துப் பார்த்தார். விட்டுக்கொடுப்பது பச்சை, அவ்வளவுதானே. ஆனால் வண்டியில் வாந்தி எடுக்கக் கூடாதென்று காலையிலிருந்து இரண்டையும் பட்டினி போட்டிருந்தார். இரண்டும் தட்டுக்குள் தலையை விட்டு, தட்டோடு சேர்ந்து அறையைச் சுற்றிவந்தன. ஒன்றுகூட விலகவில்லை.

“பசிச்சா பயந்த குட்டியும் பறிச்சுத்தான் திங்கும்” என்று தட்டை எடுத்துவிட்டார்.

அப்போது ஒரு குட்டி வந்து என் காலின் மேல் தலையை வைத்துப் படுத்தது. எனக்கு உயிர் வந்தது. பாதத்தின் மேல் படுப்பதுதானே பச்சையின் குணம். இதுதான் எங்கள் குட்டி, சந்தேகமே இல்லை என்றேன். அக்கா என் காலை முகர்ந்து பார்க்காத குறையாகக் குனிந்தார். மெஷின் எண்ணெய் வாடைக்கு எந்தக் குட்டியும் படுக்கும் என்றார். ஆனாலும் உள்ளே போய் பனியன் கழுத்துக்கு வைக்கும் சிவப்பு ரிப் துணியில் ஒரு துண்டு கிழித்துவந்து அந்தக் குட்டியின் கழுத்தில் கட்டினார். இனிமேலாவது இரண்டும் மாறிப்போகாமல் இருக்குமாம். கட்டும்போது என் கையை ஒரு பார்வை பார்த்தார். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

வாசலில் பிக்கப் வண்டி வந்து நின்றது.

பெரியவர் வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக, வைக்கோல் போட்ட கூடையோடு வந்தார். தாய் சினைப்படும் முன்பே சொல்லிவைத்தவர். அக்கா நடந்ததைச் சொன்னதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ரெண்டும் ஒண்ணாட்டந்தான இருக்குது அம்மிணி. எதாச்சும் ஒண்ணக் குடு, நாம் பாத்துக்கறேன்” என்றார்.

அக்கா தயங்கினார். அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். அவரோ ராகு காலத்துக்கு முன் கிளம்ப வேண்டும். சுவரில் கடிகாரம் நாலேகாலுக்குப் பக்கத்தில் இருந்தது. அக்கா என் பக்கம் திரும்பி, வீட்டுக்காரிக்குப் போன் போடச் சொன்னார். அன்று எனக்குத் தரப்பட்ட தண்டனைகளில் அதுதான் பெரிது.

வீடியோ காலில் மனைவியின் முகம் வருவதற்கு முன் மெஷின் சத்தம் வந்தது. விஷயத்தைச் சொன்னேன். மெஷின் நின்றது. லைன் போய்விட்டதோ என்று நம்பிக்கையோடு பார்த்தேன், போகவில்லை. போனைத் தரையில் வைக்கச் சொன்னாள். வழக்கமாகக் கூப்பிடும் மாதிரி நாக்கைத் தட்டிக் கூப்பிட்டாள். இரண்டு குட்டிகளும் ஓடிவந்து போனை நக்கின. ஒன்று அவள் நெற்றியை நக்கியது, மற்றது சிவப்புப் பொத்தானை நக்கிக் காலை முடித்தது.

மறுபடி அவளே கூப்பிட்டாள். இப்போது வீடியோ இல்லை.

“எதுன்னு தெரியாம ஒண்ணையும் கொண்டாந்தராதீங்க. அவரையும் எடுத்துட்டுப் போக உட்றாதீங்க. அது அங்க போச்சுன்னா செத்துப்போயிரும், கேட்டுதுங்களா?”

குரல் உடைந்திருந்தது. கேட்டது என்றேன். வைத்துவிட்டாள்.

பெரியவர் எழுந்து, சிவப்பு கட்டாத குட்டியைத் தூக்கிக் கூடையில் வைத்தார். கோபமாகக்கூட இல்லை, சந்தையில் வெண்டைக்காய் எடுப்பதுபோல் சாதாரணமாக. அந்தக் கூடைக்கும் வாசலுக்கும் நடுவில் என் நாற்காலி இருந்தது. நான் எழுந்து நின்றேன். வழிவிடுவதற்காக எழுந்தேன் என்று அவர் நினைத்திருப்பார். நானும் பாதி அப்படித்தான் எழுந்தேன்.

“அய்யா, கொஞ்சம் பொறுங்க” என்றேன். “அது பச்சையா இருந்துட்டா, உங்க தோட்டத்து நாயிங்க கிட்டத் தாங்காதுங்க.”

“என்ற நாயென்ன புலியாடா?”

அவருக்கு இப்போது கோபம் வந்துவிட்டது. அவர் நாய்களைக் குறை சொல்லிவிட்டேன். வழியை மறித்துக்கொண்டும் நிற்கிறேன். சாதாரணமாக நான் இந்த இடத்தில் ஏதாவது ஜோக் அடித்துத் தப்பிப்பேன். தேடிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. கூடைக்குள்ளிருந்து ரோஸ் மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது.

பெரியவர் கூடையை நாற்காலியில் வைத்தார். “நீ செக்கிங்ல இருக்கறன்னு இந்தம்மிணி சொல்லுச்சு. செரி, நீயே சொல்லு. இதுல என்ற குட்டி எது? கையக் காட்டு, எடுத்துட்டுப் போறேன்.”

தினம் ஆயிரக்கணக்கில் பீஸ் பார்க்கிறேன். பாஸ், பாஸ், ஆல்டரேஷன், பாஸ், ரிஜெக்ட். தெரியவில்லை என்று ஒரு செக்கர் சொன்னால் அடுத்தநாள் அவனுக்கு வேலை இருக்காது. என் மனதுக்குள் கணக்கு ஓடியது: காலில் படுத்த சிவப்புதான் எங்களுடையது, அநேகமாக. கூடையில் இருப்பது மஞ்சள், அநேகமாக. ‘அதுதானுங்க’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இவர் கிளம்பிவிடுவார், அக்கா மூச்சு விடுவார், நான் குட்டியோடு வீட்டுக்குப் போவேன், மனைவியிடம் கண்டுபிடித்துவிட்டேன் என்று மார்தட்டலாம். வாய் திறந்துவிட்டது. அந்த ‘அநேகமாக’தான் குறுக்கே நின்றது.

“தெரியலீங்க அய்யா” என்றேன். “ஹோல்டு போட்டர்லாமுங்க.”

சந்தேகம் வந்த பண்டலைக் கம்பெனியில் தனியாக எடுத்து, ஹோல்டு என்று எழுதி ஓரமாக வைத்துவிடுவோம். அது பாஸும் இல்லை, ரிஜெக்டும் இல்லை. ஷிப்மென்ட் லாரி வாசலில் நின்று ஹாரன் அடித்தாலும் அது ஏறாது. மேனேஜர் வந்து கத்துவார், கத்திவிட்டுப் போவார். மறுபடி பார்த்துத் தெளியும்வரை பண்டல் அங்கேயே இருக்கும். திருப்பூரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பெரியவர் என்னையே பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டார்.

“என்ற மவனும் இந்தப் பொழப்புத்தான். ஹோல்டு ஹோல்டுன்னு போன்ல கத்திக்கிட்டேதான் சோறே திங்கறான். இப்ப நாயிக்குமா?”

அவர் குனிந்து, கூடையிலிருந்த குட்டியின் கழுத்தை ஒரு விரலால் தடவினார். தூக்கி அக்காவின் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது முகம் கடுகடுவென்றுதான் இருந்தது.

“செத்துப்போற குட்டியக் கொண்டுபோயி நான் என்ன பண்றது. அடுத்த ஞாயித்துக்கெழம வாரேன் அம்மிணி, பாத்து வெய்யி. ஆனா இவன் இந்தூட்டுக்குள்ள இருக்கப்படாது.”

நாலரைக்குச் சற்று முன் வைக்கோல் கூடையோடு பிக்கப் கிளம்பியது. அதன் பின்னாலேயே நானும், குழப்பத்தில் என் கையோடு வந்துவிட்ட தாய் நாயின் துணித் துண்டோடு மட்டும். அக்கா அதைத் திருப்பிக் கேட்கவில்லை. நானும் நினைவூட்டவில்லை.

அந்த வாரம் எங்கள் வீட்டில் எனக்குச் சோறு கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை. குழம்பு வேண்டுமா என்பதைக்கூட கரண்டியை நீட்டித்தான் கேட்டாள். வேலையைப் போட்டுவிட்டு மதியங்களில் மண்ணரைக்குப் போய்வந்தாள். போய்வந்து என்னிடம் ஒன்றும் சொல்ல மாட்டாள். தங்கச்சிக்குப் போன் போட்டுச் சொல்வாள், நான் காய்கறி நறுக்குவதுபோல் நின்று கேட்டுக்கொள்வேன். அக்கா இரண்டையும் வேளாவேளைக்கு வயிறாரச் சாப்பிடவைத்து, தனித்தனித் தட்டு போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கிறார். திங்களன்று ஒன்றும் தெரியவில்லை. செவ்வாயன்று தெரிந்த மாதிரி இருந்தது, சாயங்காலம் மறுபடி தெரியவில்லை. இவள் ராத்திரி தூங்கவில்லை என்பது புரண்டு படுக்கிற சத்தத்தில் எனக்குத் தெரியும். இரண்டும் ஒன்றுபோல் ஆகிவிட்டால் என்ன செய்வது என்று கேட்க நினைத்தேன். கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை அக்காவே அவளுக்குப் போன் செய்தார். பட்டினியின் பயம் தெளிந்ததும் பழைய புத்தி வந்துவிட்டதாம். காலை, மதியம், ராத்திரி, மறுநாள் காலை என்று எல்லா வேளையும் ஒரே குட்டிதான் தட்டை விட்டு விலகுகிறது. இனிச் சந்தேகம் இல்லை. தட்டைப் பிடுங்குவது எது என்று கேட்டேன். எனக்கு வேண்டாத கேள்விதான். மனைவி ஐந்து நாளுக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னாள்.

“செவப்பு.”

என் காலில் படுத்தது. சந்தேகமே இல்லை என்று நான் சொன்ன குட்டி. கூடைக்குள் போனதுதான் எங்களுடையது.

அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளை வண்டியில் கூட்டிப்போனேன். எனக்குத்தான் உள்ளே அனுமதி கிடையாதே. கேட்டுக்கு வெளியே பைக்கிலேயே உட்கார்ந்திருந்தேன். பெரியவர் முன்பே வந்துவிட்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் கூடையோடு வெளியே வந்தார். சிவப்புக் குட்டி அவருடைய துண்டின் முனையைக் கவ்விக்கொண்டு விட மாட்டேன் என்றது. அவருக்கு அதில் அப்படி ஒரு பெருமை. என்னைத் தாண்டிப் போனவர் நின்று, திரும்பி வந்தார்.

“தம்பி, கையி ரெண்டும் உன்றதுதானா, இல்ல கம்பெனியில குடுத்ததா? கம்பெனியோடதுன்னா வேல முடிஞ்சா அங்கயே வெச்சுட்டு வந்தரு சாமி.”

பின்னால் வந்த மனைவி முகத்தை அசைக்கவில்லை. சால்வைக்குள் குட்டியைச் சுருட்டி மார்போடு பிடித்துக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள். போகலாம் என்றுகூடச் சொல்லவில்லை. தோளில் ஒரு தட்டு.

மேடுபள்ளம் எல்லாம் பார்த்து மெதுவாக ஓட்டினேன். பாலம் ஏறும்போது என் முதுகில் நடுக்கம் தெரிந்தது. குட்டி பயந்துவிட்டது என்று நினைத்து இன்னும் மெதுவாக்கினேன். நடுக்கம் அதிகமானது. வண்டியை ஓரம்கட்டி, இன்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன்.

குட்டி வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது. அவள்தான். கண்ணில் தண்ணீர் வரச் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“கம்பெனியில குடுத்த கையி” என்று சொல்ல ஆரம்பித்தாள். முடிக்க முடியவில்லை. வண்டியை எடுக்கச் சொல்லிக் கையை ஆட்டினாள்.